வேக்கம் டியூபை அடைக்கும் மேதாவிகளுக்கு

போன வாரம் சர்வீஸுக்கு விட்ட அம்பாசிடர் வீடு திரும்பியது. கழுவித் துடைத்துப் பளபளவென்றுதான் இருந்தது. பழக்க தோஷம், பானெட்டைத் திறந்து பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் ரப்பர் முனையில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தார்கள்.

வண்டி என் மச்சான் மகனுடையது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் போனை நீட்டினான்.

"ஏனுங் மாமா, மெக்கானிக் இந்த வீடியோவைக் காட்டினாருங்க. அமெரிக்காவுல அத்தாப் பெரிய மஸல் கார்லயே இந்த வேக்கத்தைக் கழட்டி வீசிடறாங்களாம். நம்ம அம்பாசிடருக்கு எதுக்குங்க?"

வழக்கமாக இந்தப் பக்கத்தில் புதுச்சேரி நினைவுகளையும், ஆபீஸ் கதைகளையும், பல்லடத்து வெயிலையும் பற்றி எழுதி வருகிறேன். இன்று சண்டை போட வந்திருக்கிறேன். காரணம் கடைசியில் தெரியும். அந்த ஒரு சாண் குழாயை அடைத்ததால் ஒரு மனிதருடைய பேர் கெட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதோடு எழுந்து காபி குடிக்கப் போகலாம். அவர்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. இது பெட்ரோல் வண்டிக்காரர்கள் விஷயம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பிறகும் அந்தப் பள்ளிகள் நடந்தன, நாங்களும் படித்தோம். அதனால் மோட்டார் சாமான்களின் பெயர்கள் எனக்கு முதலில் பிரெஞ்சில்தான் தெரியும். ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பங்கிட்டுக் கொடுப்பவர். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிடுவதால் அந்தப் பெயர். பிரெஞ்சில் அதற்கு 'அல்யூமேர்' என்று பெயர். தெருவிளக்கு ஏற்றுகிறவரையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். ஸ்பார்க் பிளக்குக்கு 'பூஜி', அதாவது மெழுகுவர்த்தி. ஆங்கிலப் பெயரில் பாதி வேலைதான் தெரிகிறது. பங்கிடுவது சுலபம், எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதுதான் கஷ்டமான வேலை. விளக்கு ஏற்றுகிறவனுக்கு அந்தி எப்போது சாயும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பொறி பட்டவுடன் 'டமார்' என்று வெடித்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது எரிகிறது. எரிய நேரம் பிடிக்கும், ஒன்றிரண்டு மில்லி செகண்டாவது வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு 360 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் முழுசாக இருந்தால்தான் தள்ளுவதில் பலம் இருக்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். இதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம்.

எவ்வளவு முன்னால் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று வேகம். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பொறியும் அதற்கேற்ப முன்னதாக வர வேண்டும். இதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சுற்ற சுற்ற எடைகள் விரிந்து பொறியை முன்னால் தள்ளும். இதை யாரும் பிடுங்குவதில்லை. உள்ளே ஒளிந்திருப்பதால் தப்பித்தது.

இரண்டாவது விஷயம் சுமை. இங்கேதான் நம் மேதாவிகள் கோட்டை விடுகிறார்கள். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சமதரையில் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம். அது நெருக்கமில்லாமல் கிடக்கும், மெதுவாகத்தான் தீப்பிடிக்கும். முழுசாக மிதித்தால் கலவை நிறையப் போய் நெருக்கமாக அமுங்கும், சட்டென்று எரியும். ஈர விறகையும் காய்ந்த விறகையும் வைத்துச் சமைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பன்னிரண்டு மணிக்குச் சோறு இறக்க வேண்டும் என்றால் ஈர விறகு அடுப்பை முன்னாலேயே மூட்ட வேண்டும், காய்ந்த விறகு என்றால் சற்றுப் பொறுத்து மூட்டலாம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மூட்டுகிறவன் ஒரு நாள் அரைவேக்காடு போடுவான், ஒரு நாள் அடிப்பிடிக்க விடுவான்.

இப்போது சுமை கூடுதலா குறைவா என்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு யார் போய்ச் சொல்வது? அந்தக் குழாய்தான் சொல்கிறது. த்ராட்டில் லேசாகத் திறந்திருக்கும்போது அதன் ஓரத்தில் உறிஞ்சும் சக்தி அதிகம். அந்த உறிஞ்சல் குழாய் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டையான டப்பாவுக்குப் போகிறது. உள்ளே ஒரு டயஃப்ரம். அது பின்னால் இழுபட, அதோடு சேர்ந்த கம்பி பாயிண்ட் பொருத்தியிருக்கும் தட்டைத் திருப்புகிறது. பொறி முன்னதாக வருகிறது. முழுசாக மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், தட்டு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு குழாய். 1930களிலேயே மோட்டார் உலகத்தில் பரவிவிட்ட ஏற்பாடு.

பிரெஞ்சில் இதை வேக்கம் என்று சொல்வதில்லை, 'தெப்ரெசியோன்' என்பார்கள். வானிலை அறிக்கையில் வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுக்கும் அதே சொல்தான். வெற்றிடம் என்று சொன்னால் ஒன்றுமில்லாத சமாச்சாரம் போலத் தோன்றும், பிடுங்கி எறியலாம் என்றும் தோன்றும். காற்றழுத்தத் தாழ்வை அப்படி யாராவது அலட்சியம் செய்வார்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்களைக் கேளுங்கள்.

நம் ஊர்ச் சாலையில் வைத்துச் சொல்கிறேன். பல்லடத்திலிருந்து உடுமலைக்குச் சீராக ஒரே மிதியில் போகிறீர்கள். அப்போது அந்த டப்பா முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கும். அங்கிருந்து பொள்ளாச்சி போய், ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறீர்கள். அழுத்தி மிதித்து ஏறும்போது டப்பா தானாக ஒதுங்கிக்கொள்ளும். தேவைப்படும்போது வருவதும் தேவையில்லாதபோது விலகுவதும் அதற்கே தெரியும். ஆபீஸில் அப்படி ஒரு ஆள் கிடைத்தால் கோயில் கட்டியிருப்போம்.

இதை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? சமதரையில் லேசான மிதியில் போகும்போதெல்லாம் பொறி பிந்தி விழும். கலவை பிஸ்டனைத் தள்ளி முடிக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வால்விலும் ரேடியேட்டரிலும் போய்ச் சேரும். வண்டி சூடேறும், பெட்ரோல் குடிக்கும், ஆக்சிலேட்டரைத் தொட்டால் சோம்பல் முறிக்கும். ஆனால் நின்றுவிடாது. ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் இந்தத் தப்பு பிடிபடுவதே இல்லை.

இனி அந்த மஸல் கார் வாதத்துக்கு வருகிறேன்.

1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்துதான் மஸல் கார் காலம் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். நடுத்தர அளவுக் காரில் பெரிய வி-8 எஞ்சின். ஆறு லிட்டர், ஏழு லிட்டர். நம் அம்பாசிடரின் எஞ்சின் 1489 சி.சி., ஒன்றரை லிட்டர்தான். கேட்டால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கார்களும், ஒருசில பந்தய ரகங்கள் நீங்கலாக, தொழிற்சாலையிலிருந்து வேக்கம் டப்பாவோடுதான் வெளியே வந்தன. அவற்றிலும் ஆட்கள் பால் வாங்கவும் வேலைக்கும் போனார்கள். வீடியோவில் கழற்றி எறிகிறவர்கள் கால் மைல் பந்தயம் ஓட்டுகிறவர்கள். பச்சை விளக்கு விழுந்ததிலிருந்து கடைசிக் கோடு வரை மிதித்த காலை எடுக்கமாட்டார்கள். முழு மிதியில் வேக்கம் கிடையாது என்று மேலே சொன்னேன். இல்லாத ஒன்றுக்கு டப்பா எதற்கு? அவர்கள் கழற்றுவது சரி. பல்லடத்திலிருந்து செட்டிபாளையம் போகிற வழியில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே வட்டம் அடிக்கிறவன் கழற்றினாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் அதே செட்டிபாளையத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவனுக்கு எதற்கு ஐயா பந்தயக் கார் வைத்தியம்?

இன்னொரு கட்டுக்கதை: "அது புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது, எஞ்சினுக்குத் தேவையில்லை." தலைகீழ். அமெரிக்காவில் புகைச் சட்டங்கள் வந்தது 1960களில், வேக்கம் அட்வான்ஸ் அதற்கு முப்பது வருஷம் மூத்தது. சட்டம் வந்த பிறகு 1970 வாக்கில் சில கார்களில் கீழ் கியரில் டப்பாவுக்கு வேக்கம் போகாமல் தடுக்க வால்வு வைத்தார்கள். புகைச் சட்டம் அந்தக் குழாயைக் கொண்டுவரவில்லை, அதை அமுக்கத்தான் பார்த்தது.

குழாயைக் கார்புரேட்டரில் செருகுவதா மேனிஃபோல்டில் செருகுவதா என்று அந்த நாட்டுக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே செருகினால் ஐடிலிங்கில் வேக்கம் வராது, மிதித்த பிறகு வரும். மேனிஃபோல்டில் செருகினால் ஐடிலிங்கிலேயே வந்துவிடும். நம் எஞ்சினுக்கு அண்ணன் முறையான எம்.ஜி.பி. காரிலேயே 1970களில் கார்புரேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு மாற்றினார்கள். கேம் ஷாஃப்ட் காரமாக உள்ள வி-8களுக்கு மேனிஃபோல்ட் நல்லது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்பாசிடர்காரர்களுக்கு என் பதில் சுருக்கம்: வண்டியோடு வந்த கையேட்டில் எங்கே செருகச் சொல்லியிருக்கிறதோ அங்கே செருகுங்கள். எங்கே செருகுவது என்று சண்டை போடலாம், செருகவே கூடாது என்று சொல்கிறவனோடு என்ன பேச்சு?

"அடைத்துவிட்டு டைமிங்கையே கொஞ்சம் கூட்டி வைத்தால் போச்சு" என்றும் சிலர் சொல்கிறார்கள். ஈர விறகுக்கு மூட்டும் நேரத்தில் காய்ந்த விறகையும் மூட்டுவது இது. சமதரையில் ஒருவேளை தேவலை என்றிருக்கும். மலை ஏறினால் எஞ்சின் 'கட கட' என்று தட்டும், பிஸ்டனுக்கு ஆபத்து. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது திருப்பி உதைக்கும். தட்டலுக்குப் பயந்து அடைத்தேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு, ஆகவே கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அதைவிட அதிகம். இன்னும் தட்டினால் அது தப்பான டப்பாவாக இருக்கலாம். லூகாஸ் வகை டப்பாக்களில் மூன்று எண்கள் அடித்திருப்பார்கள். உதாரணமாக 5-13-10 என்றால், 5 அங்குலப் பாதரச அளவில் வேலை தொடங்கும், 13 அங்குலத்தில் முழுசாகும், டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி தரும். கிராங்க்கில் அது இரட்டிப்பு, 20 டிகிரி. கடையில் கையில் கிடைத்ததை மாட்டாமல் இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். சட்டை பெரிதாக இருந்தால் அளவு பார்த்து மாற்றுவோமா, சட்டையே வேண்டாம் என்று வெறும் உடம்போடு போவோமா?

கடைசி வாதம்தான் பலமான வாதம்: "அடைத்த பிறகு வண்டி நன்றாக ஓடுகிறதே!" இதற்குப் பதில் சொல்லத்தான் 1984க்குப் போக வேண்டியிருக்கிறது.

அப்போது நான் மத்திய அரசுக் குமாஸ்தா. கோவைக்கு மாற்றலாகி வந்து, பல்லடத்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவன். மச்சானுக்கு விசைத்தறிகள் இருந்தன. 1972 மாடல் மார்க் 2 அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். பாவு நூல் பார்க்க, துணி கொண்டுபோக, திருப்பூர், கோவை, ஈரோடு என்று வண்டி ஓயாமல் ஓடும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் அவருடைய கணக்கு நோட்டை நான்தான் எழுதுவேன். குமாஸ்தா புத்தி. பெட்ரோல் எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், ரிப்பேர் எவ்வளவு, எல்லாம் தேதி போட்டு எழுதி வைப்பேன்.

ஒரு சமயம் வண்டி லேசாக மிதிக்கும்போதெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. பட்டறைக்கு நானும் கூடப் போனேன். மெக்கானிக் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு அந்த ரப்பர் முனையைப் பிடுங்கி, ஒரு சின்ன போல்ட்டைச் செருகி, "இது சும்மாங்க, வெள்ளைக்காரன் ஊருக்கு வெச்சது. இப்பப் பாருங்க" என்றார். வெட்டல் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம். ஐந்து ரூபாய் கொடுத்தேன். நோட்டில் 'கார் ரிப்பேர் ரூ.5' என்று எழுதினேன்.

அந்த மாதத்திலிருந்து மைலேஜ் விழுந்தது. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி எட்டரைக்கு வந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததில் பெருமை வேறு. மூன்று மாதக் கணக்கைக் கூட்டி, கோடு போட்டு, மச்சானிடம் காட்டினேன். "மாப்பிள்ளை, பெட்ரோல் எங்கே போகுது?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே, வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர்தான்.

டிரைவர் அண்ணன் எங்களைவிடப் பெரியவர். பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். மச்சான் கேட்டபோது அவர் சத்தம் போடவில்லை. "வண்டியில என்னமோ இருக்குதுங்க. முன்னே மாதிரி நழுவிப் போறதில்லைங்க. சூடும் ஏறுது" என்றார். நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எண்கள் பொய் சொல்லாது என்று நினைத்தேன். அடுத்த மாதம் அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். பெட்ரோல் திருடன் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பல்லடம் போன்ற ஊரில் சொல்ல வேண்டியதும் இல்லை. அதற்கப்புறம் அவரை யாரும் காருக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். புது டிரைவர் வந்தார். மைலேஜ் எட்டரையிலேயே நின்றது. அதையும் நான்தான் எழுதினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வண்டிக்கு வயதாகிறது என்று சொல்லிக்கொண்டோம்.

மச்சான் காலமான பிறகு வண்டி ஷெட்டில் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மகன் அதைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டான். "கொதிக்குதுங்க மாமா, பெட்ரோலும் குடிக்குது" என்றான். விற்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்போம் என்று நானும் அவனும், ஓய்வுபெற்ற ஒரு பழைய எலக்ட்ரீஷியனும் உட்கார்ந்தோம். பானெட்டைத் திறந்ததும் எலக்ட்ரீஷியன் கேட்டார், "இதை எவன் அடைச்சான்?" துருப்பிடித்த அதே போல்ட்.

டப்பாவை உறிஞ்சிப் பார்த்தார். டயஃப்ரம் கிழிந்திருந்தது. கோவையில் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி ஒன்று வாங்கி மாட்டினோம். ஓட்டிப் பார்த்தால், நம்பமாட்டீர்கள், 1984இன் அதே வெட்டல் திரும்பி வந்தது. மூடியைக் கழற்றினோம். பாயிண்ட் தட்டை எர்த் செய்யும் இரண்டு அங்குல ஒயர் உள்ளே இருக்கிறது. அதன் இழைகள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டு திரும்பும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. குழாயை அடைத்தால் தட்டு அசையாது, வெட்டலும் இருக்காது. அன்றைக்கு மெக்கானிக் செய்த வைத்தியம் அவ்வளவுதான். கால் வலிக்கிறது என்றவனை நடக்காதே என்று உட்கார வைத்தார்.

"அடைத்த பிறகு நன்றாக ஓடுகிறது" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அடைத்ததும் ஏதோ ஒரு கோளாறு மறைந்தால் கோளாறு குழாயில் இல்லை. அறுந்த ஒயராக இருக்கலாம், கிழிந்த டயஃப்ரமாக இருக்கலாம், கிரீஸ் காய்ந்து இறுகிப்போன தட்டாக இருக்கலாம். அதைத் தேடுங்கள்.

புது ஒயர் போட்டோம். முழு டேங்க் நிரப்பி உடுமலை போய்த் திரும்பி மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தோம். எட்டு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி ஒன்பதரை கொடுத்தது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. மருமகன் விற்கும் எண்ணத்தை விட்டான். நான் வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 'கார் ரிப்பேர் ரூ.5' என்ற வரியும், மைலேஜ் விழுந்த முதல் வரியும் ஒரே பக்கத்தில் இருந்தன. நடுவில் நாலு வரி. இரண்டும் என் கையெழுத்து.

அந்த வண்டியிலேயே பொங்கலூர்ப் பக்கம் விசாரித்துக்கொண்டு போனேன். டிரைவர் அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாசலில் நின்ற வண்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு அப்பவே சொன்னாருங்க, குத்தம் வண்டீல இருக்குதுன்னு" என்றார். உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

இப்போது சொல்லுங்கள், போன வாரம் அதே குழாயில் மறுபடி ஒரு போல்ட்டைப் பார்த்தவனுக்குக் கோபம் வருமா வராதா?

மெக்கானிக்குகள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. டைமிங் வைக்கும்போது குழாயைக் கழற்றித் தற்காலிகமாக அடைத்துக்கொள்வது முறையான வழக்கம். சரியான நடைமுறைதான், ஐந்து நிமிடத்துக்கு. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாவதை முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் பார்த்தவன் நான். பட்டறையிலும் அதுவே நடக்கிறது. குரு மாட்ட மறந்ததைச் சீடன் சாஸ்திரமாக எடுத்துக்கொள்கிறான்.

பெட்ரோல் அம்பாசிடரோ, பழைய ஹெரால்டோ, வேறு எந்தப் பாயிண்ட் வண்டியோ வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டாரையும் கழற்றுங்கள். டப்பாப் பக்கத்துக் குழாய் முனையை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். கார்புரேட்டர் பக்கத்தை உறிஞ்சிப் பெட்ரோல் நாற்றம் வாங்கிக்கொள்ள வேண்டாம். பாயிண்ட் தட்டு திரும்ப வேண்டும். நாக்கால் முனையை அடைத்துப் பிடித்தால் தட்டு திரும்பிய இடத்திலேயே நிற்க வேண்டும். மெதுவாகப் பின்வாங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் தட்டு இறுகியிருக்கிறது, அல்லது டயஃப்ரம் முழுக்கப் போய்விட்டது. உள்ளே இருக்கும் சின்ன ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். பாயிண்ட் இடைவெளி லூகாஸ் வகைக்கு 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டர். ரோட்டார் உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். ரோட்டாரையும் மூடியையும் மாட்டி, குழாயைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு, கையேட்டில் உள்ள எண்ணுக்கு டைமிங் வையுங்கள்.

பிறகு அடைப்பை எடுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். இந்தக் கடைசி வேலையை மெக்கானிக்கிடம் விடாதீர்கள். உங்கள் கையாலேயே மாட்டுங்கள்.

போன வாரத்துப் போல்ட்டை நான் எறியவில்லை. அந்தப் பழைய நோட்டின் பக்கத்தில் மேஜை மேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அந்தப் பட்டறைக்குப் போகப்போகிறேன், போல்ட்டும் நோட்டும் கையில்.